இக்கத்து என்னும் மலாய்ச் சொல்

ஆடை ஒரு நாட்டினின்று பிறிதொரு நாட்டிற்குச் செல்லுங்கால் தனித்துச் செல்வதில்லை. தன் பெயரையும் உடன்கொண்டே செல்கின்றது. சங்கச் சான்றோர் ஆடைக்கு வழங்கிய பெயர்களுள் ‘கலிங்கம்’ என்பது, கலிங்க நாட்டினின்று போந்த துகிலை முதற்கண் குறித்துப் பின்னர் எந்நாட்டு ஆடைக்கும் பொதுப்பெயராயிற்று. ‘காழகம்’ என்பது ஆடைக்கும் பெயர். கடல் கடந்த ஒரு நாட்டிற்கும் பெயர். காவிரிப்பூம்பட்டினத்து மறுகுகளிற் குவிந்திருந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருள்களையும் கூறுகின்றது; அக்காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் கண்ட உரை. கடாரமாவது இற்றைய மலாய் நாட்டுக் கெடாப் பகுதி. இங்ஙனம் வந்தனவேயன்றி ஈண்டிருந்து சென்றனவும் உள. மலாய் மக்கள் இடையில் உடுக்கும் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்கின்றனர். காயின் என்பது துணி. பெலிக்காட் என்பது யாது? சென்னைக்கு வடக்கே டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் செய்த நம் பழவேற்காடே, ஐரோப்பியர் நாவிற் புலிக்காட் ஆகி, மலாயர் நாவிற் பெலிக்காட் ஆகி, அவர்தம் இடையை இன்றும் சுற்றிக் கிடக்கின்றது.

இத்தகைய சொற்களின் வரிசையில், அண்மைக் காலத்தே நம் கடைத்தெருக்களில் வந்து குடியேறியிருப்பது ‘இக்கத்’ என்பதாம். இக்கத் புடவை, இக்கத் சட்டை, இக்கத் தலையணை உறை என்று குடவாசலிலும் கும்பகோணத்திலும் கேட்கின்றோம். இஃது எம்மொழிச் சொல் என வாங்குவோரை வினவின், தெலுங்கு என்பார் சிலர்; இந்தி என்பார் சிலர்; எம் ஆனர்ஸ் வகுப்பு நண்பருள் ஒருவர் ‘தமிழே’ என்று மேசையைத் தட்டி மொழிந்தார். மூன்றும் அன்று. இது மலாய்ச் சொல். இதன் பொருளை உள்ளவாறு அறிதல் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாது, நெசவாளர் பிழைப்பொடும் தொடர்புடையதாதலின் ஈண்டு இதனை எடுத்துக்கொண்டோம்.

மலாய் மொழியில் இச்சொல்லின் முதற்பொருள் ‘கட்டு’ என்பதே. அஃது ஆடையின் பெயரன்று, வண்ணத்தின் பெயருமன்று. கையாற் செய்யும் ஒரு வினையின் பெயர். முன்னொட்டுச் சேர்ந்து ‘மெங்கிகாத்’ என்றால் கட்டுதல். ‘தெரிகாத்’ என்றால் கட்டுண்டிருத்தல். பின்னொட்டுச் சேர்ந்து ‘இக்காத்தான்’ என்றால் கட்டு, பிணிப்பு, அதன்வழி மக்கள் கூடிய சங்கம். ‘இக்காத் பிங்காங்’ என்றால் இடைக்கட்டு, அதாவது அரைக்கச்சு. சந்தையிற் கீரை வாங்கும் மலாய்ப் பெண் ‘செயிக்காத்’ என்று கேட்பாள். ஒரு கட்டு என்பது அதன் பொருள். அறுத்த நெற்கதிரை அரியரியாய்ச் சேர்த்து வைக்கோற்பிரியாற் கட்டிப்போடும் எம் பக்கத்து உழவர்க்கு இச்சொல்லை விளக்க அகராதி வேண்டா. கதிர்க்கட்டு, வைக்கோற்கட்டு, கீரைக்கட்டு என்று நாம் நாள்தோறும் வழங்கும் அந்தக் கட்டே மலாயரின் இக்காத். நம் மொழியிலும் இவ்வினை பரந்து சென்றிருப்பதைக் காண்க. கட்டளை, கட்டுப்பாடு, கட்டுரை என்பன அதன் கிளைகள். செய்யுளிலக்கணத்திற்கு யாப்பு என்று பெயரிட்ட நம் முன்னோரும் ‘யாத்தல்’ என்னும் கட்டுதல் வினையினின்றே அதனை எடுத்தனர். நூல் என்னும் ஒரு சொல்லே பஞ்சிற் பிறந்த இழைக்கும் புலவர் வாயிற் பிறந்த நூற்கும் பெயராக, நன்னூலார் அவ்விரண்டையும் உவமையால் இணைத்துக் காட்டினார். ஆகவே இழையும் கட்டும் தமிழ் மாணவர்க்கு அயலான பொருள்கள் அல்ல.

இனிக் கட்டு என்னும் வினை ஒரு நெசவின் பெயராயது எங்ஙனமென்று பார்ப்போம். சாதாரணமாகச் சாயம் தோய்ப்பவர் நூற்கழியை முழுவதும் ஒரே நிறத்தில் தோய்ப்பர். அன்றி, நெய்து முடித்த துணியின்மேல் வண்ணமிடுவர். இந்நெசவில் இரண்டுமில்லை. தறியேறுமுன்னரே நூலிழைகளை நீட்டிக் கட்டி, எவ்விடத்தில் எப்பூ வரல்வேண்டும் என்பதனைக் கணக்கிட்டு, நிறம் ஏறக்கூடாத இடங்களை ஓலைநாராலோ நூலாலோ இறுகச் சுற்றிக் கட்டுவர். இக்காலத்தில் மிதிவண்டிச் சக்கரத்து இரப்பர்க் குழாயை நாடாவாகக் கிழித்துக் கட்டுவாரும் உளர். பின்னர்ச் சாயத்தில் தோய்ப்பர். கட்டினுள் இருந்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். அவிழ்த்து, வேறிடத்திற் கட்டி, மீண்டும் வேறு நிறத்தில் தோய்ப்பர். நிறம் எத்தனை, கட்டும் அத்தனை முறை. ஈற்றில் அந்நூலைத் தறியேற்றி நெய்யுங்கால், இழையிலே மறைந்து கிடந்த யானையும் கிளியும் மலரும் சிறிது சிறிதாகத் துணியில் எழுகின்றன. பாவுநூலை மட்டும் கட்டுவது ஒருவகை; ஊடுநூலை மட்டும் கட்டுவது ஒருவகை; இரண்டையுங் கட்டி, ஒன்றன் நிறம் மற்றொன்றன் நிறத்தின்மேல் பிசகாது வந்து பொருந்துமாறு நெய்வது அரிதினும் அரிது. இவ்விருபுடைக் கட்டு உலகிற் சில இடங்களிலேயே உண்டு. குஜராத்தில் பாட்டன் நகரத்துப் பட்டோலா ஒன்று. பாலித் தீவில் தெங்கனான் என்னும் சிற்றூரின் கெரிங்சிங் ஒன்று. ஜப்பானிய நெசவில் ஒன்று. தெலுங்கானத்திலும் அதனை நெய்கின்றனர்.

எத்துணை இறுகக் கட்டினும் சாயம் கட்டின் விளிம்பில் ஒரு மயிரளவு உட்புகும். தறியிலும் இழை ஒரு மயிரளவு நழுவும். அதனால் பூவின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நில்லாது, நீரில் தோன்றும் நிழல்போல் கலங்கிக் காணும். இக்கலக்கமே இந்நெசவின் அழகு. இதற்குப் பெயரிட்ட மக்களுள் சிலர் இக்கலக்கத்தைக் கண்ணாற் கண்டு பெயரிட்டனர்; சிலர் கட்டும் கையைக் கண்டு பெயரிட்டனர். நடு ஆசியத்தார் இதனை ‘அப்ர்’ என்றனர்; பாரசீகத்தில் மேகம் என்பது பொருள். ஜப்பானியர் ‘கசூரி’ என்றனர். மங்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒரியர் ‘பந்தா’ என்றனர், அது கட்டு. தாய்லாந்தினர் ‘மத்மீ’ என்றனர். மத் என்பது கட்டுதல், மீ என்பது நூல். மலாயர் இக்காத் என்றனர். யாம் கைபற்றிப் பிறந்த பெயரையே மேலாகக் கொள்கின்றோம். மேகம் அழகிய பெயர்தான்; ஆயினும் அது துணியைப் பார்ப்பவன் இட்ட பெயர். கட்டு என்பது துணியைச் செய்பவன் இட்ட பெயர்.

இனி எம் நண்பர் தட்டிய மேசைக்கு வருவோம். ‘இழைக்கட்டு என்பதே கடல் கடந்து இகட்டு என்றாகி இக்காத் என்று திரிந்தது’ என்பது அவர் கூற்று. மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் பல உண்மையை யாம் மறுக்கவில்லை. நம் கப்பல் அங்கே காப்பால், கடை அங்கே கெடாய், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், திரை தீராய், காவல் காவால். இராசேந்திர சோழன் 1025 இல் கடாரத்தின்மேற் படை செலுத்தியதையும், அதற்கு முன்னரே ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்ததையும் எண்ணின் இதில் வியப்பில்லை. ஆனால் இச்சொற்களை நிரல்பட வைத்துப் பாருங்கள். வணிகன் கப்பலில் ஏற்றிச் சென்ற பொருள்களும் அவன் துறைமுகத்திற் கண்டு பழகியவையுமே இவற்றுட் பெரும்பாலன. கட்டுதல், உண்ணுதல், நடத்தல் போன்ற அடிப்படை வினைகளை எம்மொழியும் எளிதிற் கடன் வாங்குவதில்லை. கட்டத் தெரியாது ஒரு மக்கட் கூட்டம் தமிழ் வணிகனுக்காகக் காத்திருந்ததென்பது நகைப்பிற்கிடமாம். மேலும், மலாயின் முன்னொட்டு பின்னொட்டு எல்லாவற்றையும் ஏற்று இவ்வினை வேரூன்றி நிற்கின்றது. தமிழ்க் கப்பல் சென்று தங்காத தீவுகளில் வழங்கும் அதன் உறவுமொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் உள. ஆதலின் இஃது அம்மொழிக் குடும்பத்தின் பிறப்புரிமைச் சொல்லே என்க. டாக்டர் கால்டுவெல் 1856 இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபொழுதே, இரண்டொரு சொல்லின் ஒலியொப்புமை கொண்டு மொழியுறவு துணியாது, இலக்கண அமைப்பை நோக்கும் நெறியைக் காட்டினார். ஒலியே சான்றென்றால், நீங்குதற்பொருளில் வரும் நம் ‘இகத்தல்’ வினையையும் இதற்குத் தாயாக்கலாமே! கட்டுதற்கு அது நேர்மாறான பொருளுடையது என்பது வேறு.

எம் ஊர்ப்பெயரிலேயே இப்பாடம் இருக்கின்றது. ஊழிவெள்ளத்தில் மிதந்த அமுதகுடத்தின் வாய் ஈண்டு வந்து தங்கியதால் குடவாயில் ஆயிற்றென்பது புராணக் கதை, கேட்டற்கு இனிது. குட என்பது மேற்கு, வாயில் என்பது வாசல், எனவே மேற்கு வாசல் என்பது சொல்லை நோக்குவார் கொள்ளும் பொருள். சங்கப் புலவருள் குடவாயிற் கீரத்தனார் என்றொருவர் இருந்தமையின் ஊர்ப்பெயரின் பழமையில் ஐயமில்லை. குடத்தை விட்டு மேற்கைக் கொள்வதனால் ஊரின் பெருமை குன்றிற்றா? அதுபோன்றே, இக்காத்தை மலாயர்க்கு உரியதென்று ஒப்புவதனால் தமிழின் பெருமை ஒரு சிறிதும் குன்றாது. கொடுத்த சொற்களை எண்ணி மகிழும் நாம் வாங்கிய சொல்லை வாங்கியதென்று சொல்ல நாணுவது எற்றுக்கு?

நகைக்கத் தக்கதொன்று, இச்சொல் நாகப்பட்டினத்துக் கப்பல் வழியாக நம்பால் வரவில்லை என்பதாம். அத்துணை அருகிலிருந்தும், நெடுவழி சுற்றியே வந்தது. இந்தோனேசியத் தீவுகளை ஆண்ட டச்சு நாட்டு அறிஞர்கள், அவருள்ளும் ரூஃபார் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லை இந்நெசவு முறையின் பெயராக வழக்கிற்குக் கொணர்ந்தனர். அங்கிருந்து அது பிற ஐரோப்பிய மொழிகட்குப் பரவிற்று. ஆல்பிரட் பியூலர் என்னும் ஸ்விஸ் அறிஞர் 1972 இல் வெளியிட்ட பெருநூலுக்கு இக்காத், பாத்திக், பிளாங்கி என்னும் மூன்று சொற்களையே பெயராக வைத்தார். நிறம் தடுத்துச் சாயமேற்றும் மூன்று முறைகட்கும் உலக அறிஞர் வழங்கும் பெயர் தீவுகளின் மொழிகளாயிருப்பது அம்மொழிகட்கு ஒரு சிறப்பு. இவற்றுள் பிளாங்கி என்பது மலாயில் வானவில்; நெய்த துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதைக் குறிப்பது. தீவுகளிலோ கட்டுநெசவு ஆடைக்குத் தனிப்பெயர்கள் பல உண்டு: மலாய்ப் பட்டில் நெய்வது லிமார், பாலியில் ஊடுகட்டு எண்டெக், சரவாக்கின் இபான் மக்கள் நெய்வது பூவா கும்பு. பொதுவாகச் சொல்லவேண்டின் ‘தெனுன் இக்காத்’, அதாவது கட்டு நெசவு என்பர். அறிஞர் நூலில் இருந்த சொல் ஆங்கிலத்திற் புகுந்து, போச்சம்பள்ளியிலும் ஒடிசாவிலும் வழிவழி நெய்துவந்த துணிக்கும் வணிகப் பெயராகி, அங்கிருந்து ரயிலேறி நம் கடைக்கு வந்தது.

துணியோ இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. பாட்டன் நகரத்துப் பட்டோலாவை டச்சுக் கும்பினியார் கப்பலேற்றி, மிளகும் கிராம்பும் விளையும் தீவுகளின் தலைவர்க்குப் பரிசாகவும் பண்டமாற்றாகவும் கொடுத்தனர். மலாயர் அதனைச் ‘சிண்டாய்’ என்று போற்றினர். தீவுகளின் நெசவாளர் அதன் பூக்களைத் தம் கட்டில் அமைத்துக்கொண்டனர். அதே மேற்கு நாட்டினின்று தரைவழியாகத் தெற்கே போந்தவர் என்று தம் மரபு கூறும் சௌராஷ்டிரர் மதுரையிலும் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்திலும் குடியேறி நெசவு வளர்த்தனர். மதுரையில் அவர் கைவண்ணமாக விளங்குவது சுங்குடி. இதனையும் இக்கத்து என்பார் உளர், அது பொருந்தாது. சுங்குடியில் நூலைக் கட்டுவதில்லை; நெய்த துணியைச் சிறுசிறு முடிச்சாக நகத்தாற் கிள்ளி நூலாற் சுற்றித் தோய்க்கின்றனர். அவிழ்த்தால் புள்ளிகள் விண்மீன்போல் விரியும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அவற்றைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்டிரே இடுகின்றனர். மலாயர் முறைப்படி அது பிளாங்கி. வேறாயினும் இரண்டிற்கும் உயிர் கட்டே.

இப்பொழுது யாம் சொல்லவந்த முறையீட்டிற்கு வருகின்றோம். இன்று ‘இக்கத்’ என்றும் ‘சுங்குடி’ என்றும் விற்கப்படுவனவற்றுட் பெரும்பகுதியில் கட்டு என்பதே இல்லை. ஆலையில் நெய்த வெள்ளைத் துணியின்மேல், கலங்கிய ஓரமுள்ள பூவைப் பொறியால் அச்சிடுகின்றனர். பிழையாற் பிறந்த அழகைப் பிழையே நேராத பொறி பார்த்தெழுதுகின்றது! அதனை ‘இக்கத் அச்சு’ என்று சொல்லின் ஒருவாறு பொறுக்கலாம்; அச்சு என்பதை விழுங்கிவிட்டு இக்கத் என்றே சொல்வாரும் உளர். சுங்குடியிலும், முடிச்சிடாது மெழுகச்சாற் புள்ளி வைத்துத் தோய்த்த புடவைக்கு அதே பெயர்தான். கடைக்காரர் ஒருவரை யாம் வினவினோம். ‘பூ இக்கத் பூத்தானே, தம்பி’ என்றார். அவர் பொய் சொல்லும் எண்ணத்தினர் அல்லர். சொல்லின் பொருளறியாதவர், அவ்வளவே. மெய்யான கட்டுநெசவாளன் பல நாள் இருந்து கட்டி, அவிழ்த்து, மீண்டுங் கட்டி நெய்த புடவையும், பொறி சில நொடியில் அடித்துத் தள்ளிய புடவையும் ஒரே பெயரோடு ஒரே பலகையில் அடுக்கப்படின், வாங்குவோர் விலை குறைந்ததையே எடுப்பர். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் நெசவாளன் விலையையும் அவ்வச்சுத் துணியின் விலையோடு ஒப்பிட்டு ‘ஏன் இத்துணை அதிகம்’ என்று கேட்கின்றனரே, அங்கே அவன் உழைப்பு களவு போகின்றது.

‘சொற்கள் பொருள் விரிதல் இயல்பன்றோ? கலிங்கம் என்பதும் கலிங்க நாட்டை விட்டுப் பொதுப்பெயராகவில்லையோ?’ என்று எம்மை மடக்கக்கூடும். ஆயிற்று, மெய்தான். ஆனால் கலிங்கம் பொதுப்பெயரான பின்னர், கலிங்க நாட்டுத் துகில் என்று எண்ணி எவரும் உள்ளூர்த் துணியை வாங்கி ஏமாறியிரார். சொல் முழுதும் விரிந்து ஓய்ந்துவிட்டது. இக்கத்து அத்தகையதன்று. கைத்தொழில் என்னும் மதிப்பு அச்சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே அதனைப் பொறித்துணிக்குச் சூட்டுகின்றனர். மதிப்பு ஓரிடத்தது, ஊதியம் வேறிடத்தது என்றால் அதனைப் பொருள் விரிவு என்று இலக்கணப் பெயரிட்டு அழைத்தல் தகுமா?

சட்டம் ஒன்று உண்டு. 1999 இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி போச்சம்பள்ளி இக்கத்தும், 2005 இல் மதுரைச் சுங்குடியும் பதிவு பெற்றன. ஆயினும் சட்டம் காப்பது ஊரோடு சேர்ந்த பெயரையே. இக்கத்து என்னும் தனிச்சொல் ஒரு தொழில் முறையின் பொதுப்பெயராதலின் அதற்கு வேலி இல்லை. அதனைக் காக்கவேண்டுவோர் அதனைச் சொல்லும் நாமே. எம் கல்லூரி மாணவர் துணி வாங்கச் செல்லுங்கால் செய்யத்தக்கது சிறிது. துணியைப் புரட்டிப் பாருங்கள்; கட்டுநெசவில் இருபுறமும் பூ ஒன்றுபோலவே இருக்கும்; அச்சில் பெரும்பாலும் மறுபுறம் வெளிறிக் கிடக்கும். இக்காலத்து அச்சு மறுபுறமும் ஊறிவிடுவதுண்டாதலின், இதனினும் உறுதியானது, ஓரத்திலிருந்து ஓரிழையை உருவிப் பார்ப்பது. கட்டிச் சாயமேற்றிய இழையில் ஒரு நிறம் தொடர்ந்து நின்று பின் மற்றொன்றாக மாறும். அச்சிட்ட துணியின் இழையிலோ, குறுக்கிழை மூடிய இடந்தோறும் நிறம் குன்றிப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். கடைக்காரர் முகம் சுளிப்பின், கேட்டு உருவுங்கள்.

ஈற்றில் எழுத்தைப் பற்றி ஒரு சொல். ககரம் இரட்டித்து எழுதுதல் முறையே. ஒற்றைக் ககரம் இட்டால் நம் நா அதனை மெலித்து ஒலிக்கும். கப்பலின் இரட்டைப் பகரம் மலாயில் ஒற்றையாய் நின்றதற்கும் இதுவே மறுதலைச் சான்று. ஆனால் வல்லின மெய் ஈறாய்த் தமிழ்ச் சொல் முடியாதாதலின், உகரம் பெற்று ‘இக்கத்து’ என்று எழுதுவது நம் மரபிற்கு ஒக்கும். தமிழ்ப் பெயரே வேண்டுவார், மலாயரின் தெனுன் இக்காத்தைப் போலக் ‘கட்டு நெசவு’ என்று வழங்கலாம். பொருளும் அதுவே, வினையும் அதுவே. டகரமிட்டு ‘இக்கட்டு’ என்று மட்டும் எழுதற்க. எம் பக்கத்து ஒரு விளம்பரப் பலகையில் அங்ஙனமே எழுதியிருக்கின்றனர். மணப்பெண்ணுக்கு அதனை எடுப்பார் யார்?